மூன்றாம் மாடிக் கயிறு

ஆகஸ்டு 6

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நீதான் பழக்கினாய்; எழுதிவிட்டேன். அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றபடியே மூக்குக்கண்ணாடி தேய்க்க வேண்டாம், கடையில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளச் சொல்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. பேருந்து நிலையத்தில் நடந்த அடிதடிக்குப் பிறகு போனும் நெட்டும் வருவதும் போவதுமாக இருக்கின்றன. வந்தாலும், நான் பேச ஆரம்பித்த உடனே பக்கத்து வீட்டில் மிக்சி நின்றுவிடுகிறது. தபால்காரர் மட்டும் ஒழுங்காக வருகிறார்.

அந்தச் சண்டையில் செத்துப்போனவன் நம் ஆள். அடித்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் என்கிறார்கள். யார் கையில் கட்டை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் என்பது மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. போன வாரம் எங்கள் படிக்கட்டின் அடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'நம்மவர் கடையிலேயே வாங்குவோம். அந்தப் பக்கத்துக்காரர்களிடம் வாங்குவது, அவர்கள் கையில் நாமே கட்டையை எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.' குடியிருப்போர் சங்கம் ஒட்டியது.

எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருக்கும் ரொட்டிக்கடை உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத வீட்டில் மூச்சு வாங்குகிறேனே என்று நீ சிரித்தாய். காலையில் எல்லா வீட்டிலிருந்தும் கயிற்றில் கூடை இறங்கும். எங்களுடையது நீலக் கயிறு. கடைக்காரருக்கு எங்கள் முகங்களைவிடக் கயிறுகள்தான் பழக்கம். கயிற்றைப் பார்த்தே யாருக்கு எத்தனை, யாருக்கு ரஸ்க் என்று போட்டுவிடுவார். கை எப்போதும் வெள்ளையாக இருப்பதால் அவருக்கு 'மாவுக்கை' என்று பெயர். அவர் அந்தப் பக்கத்துக்காரர்.

நடந்து போய் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள், பார்க்காமலும் போவார்கள். கூடை இறங்கினால் தெருவே பார்க்கும். இப்போது கூடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நான் இன்னும் இறக்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


ஆகஸ்டு 19

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். முக்காலி வாங்கியாகிவிட்டது. உட்காரவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது. கடை நன்றாகப் போகிறது.

'சங்கம் ஒட்டியது' என்று எழுதியிருக்கிறாய். சங்கத்துக்குக் கை கிடையாது. யார் கையெழுத்துப் போட்டார்கள்?

உன் கூடை விஷயம். நான் சொல்வது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வீட்டு ரொட்டியால் எந்தக் கடையும் பிழைத்ததில்லை, எந்தக் கடையும் மூடப்பட்டதும் இல்லை. பொருளாதாரம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிற பொருளை மாற்றி உலகத்தை மாற்றலாம் என்பது, வேறு எதையும் செய்யத் துணியாதவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நல்ல சோப்பு வாங்கினால் ஆறு சுத்தமாகும், நல்ல காப்பிப்பொடி வாங்கினால் போர் நிற்கும் என்றெல்லாம் எங்கள் கல்லூரியில் ஒரு பெண் ஸ்லைடு போட்டுப் பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கையில் கட்டிய கடிகாரம் எங்கே தயாரானது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நீ அந்த மனிதருக்காக வருத்தப்படுவது சரி. அதற்குக் கூடைதான் வேண்டும் என்பதில்லை. யோசி.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறோம். சளி மட்டும் விடமாட்டேன் என்கிறது.

நீ சொன்னதை யோசித்தேன். நீ சொல்வது கணக்குப்படி சரியாகத்தான் இருக்கும். நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. ஆறு மணிக்குக் கயிற்றைக் கையில் எடுக்கும்போது உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். கூடை தரைக்கு வந்ததும் கீழேயிருந்து குரல் கொடுப்பார். "மூணாவது மாடி! இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். திட்டறதா இருந்தா சாயங்காலம் திட்டுங்க, காலைல வேணாம்."

இப்போது எங்கள் கூடை மட்டும்தான் இறங்குகிறது, அக்கா. மற்ற பால்கனிகளில் ஆட்கள் நிற்கிறார்கள். பல் துலக்கிக்கொண்டு, துணி உதறிக்கொண்டு. ஒரே துணியை எவ்வளவு நேரம்தான் உதறுவார்கள்?

நேற்றுப் படிக்கட்டில் சங்கத் தலைவரின் மனைவி என்னை நிறுத்தினாள். அவர் பல் டாக்டர்; அவளுக்கும் எல்லார் வாயையும் திறந்து பார்க்கிற பழக்கம்.

"ஏம்மா, அந்த ரொட்டி அவ்வளவு ருசியா?"

"சுமாராத்தான் இருக்கும்."

"அப்போ மூலைக்கடையில வாங்கலாமே?"

"அது கல்லு மாதிரி இருக்கு. பல்லு போயிடும்."

"பல்லு போனா இவர் இருக்காரே. வேற ஏதாவது போச்சுன்னா யாரு இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு மேலே வந்தேன்.  வீட்டில் இவர் ஒன்றும் சொல்வதில்லை. வேலை அதிகம், பேச்சு குறைவு.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


செப்டம்பர் 10

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலத்தையும் சகலையின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். நான் தங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். தங்கள் தங்கைக்குத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அவள் எழுதியிருப்பாளோ என்னவோ, எங்கள் கட்டடத்தில் ஒட்டிய நோட்டீஸின் வாசகம் தலைவருடையது. கையெழுத்து என்னுடையது. நான் இந்த வருடம் செயலாளர். செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் தனக்கு வேண்டாம் என்று கைதூக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான் மட்டும்தான். அதனாலேயே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நோட்டீஸில் கையெழுத்துக் கேட்ட அன்றைக்கு, பேருந்து நிலையத்தில் இறந்த இளைஞனின் தகப்பனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போடமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது, "செயலாளர் வீட்டுக் கூடையே இறங்குது, எங்களுக்கு எதுக்கு நோட்டீஸ்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அது பரவாயில்லை. சென்ற வாரம் விடிகாலையில் எங்கள் கதவில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அவள் எழுந்திருக்கும் முன் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அண்ணி, எந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். இந்தக் கயிறு தாங்காது. நான் சொன்னால் அவள் வாயை மூடிக்கொண்டு கூடையை இறக்குவாள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

சகலை செய்துகொடுத்த கண்ணாடியைத்தான் இன்னும் போட்டிருக்கிறேன் என்று சொல்லவும்.

இப்படிக்குப் பணிவுடன்,
தங்கள் தங்கை கணவர்


செப்டம்பர் 18

தங்கைக்கு,

நாங்கள் நலம். சளிக்கு ஆவி பிடி.

கூடையை நிறுத்து. இந்தத் தடவை யோசி என்று எழுதவில்லை, நிறுத்து என்று எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதே. ஆகஸ்டில் நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. அது போல இதுவும் இருக்கட்டும்.

நீ ஏதோ பெரிய அநியாயம் செய்வதாக நினைத்துக்கொள்ளாதே. ஒரு வாடிக்கையாளர் கடை மாறுகிறார், அவ்வளவுதான். தினமும் ஆயிரம் பேர் மாறுகிறார்கள். ரொட்டி வாங்குவதைச் சத்தியம் செய்துகொடுத்தது மாதிரி ஆக்கிவிட்டாய். வழியில் அந்த மனிதரைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசு. அது போதும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும், நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. இதை எழுதக் கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். நிறுத்திவிட்டேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். இனி தூங்கு.

மீதியையும் உன்னிடம்தான் எழுத முடியும். முதல் நாள் காலை ஆறு மணிக்கு நான் பால்கனிக்குப் போகவில்லை. திரைக்குப் பின்னால் நின்றேன். கீழே ஷட்டர் தூக்கிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"மூணாவது மாடி! ரொட்டி ஆறுது!"

 எல்லா பால்கனியிலும் துணி உதறல் நின்றுபோனது.

"என்னம்மா, கயிறு அறுந்துபோச்சா?"

அப்போது இவர் பனியனோடு பால்கனிக்குப் போனார். கீழே பார்த்து, "ஆமாங்க, அறுந்துபோச்சு" என்றார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். நீலக் கயிறு ஆணியில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து வாட்ச்மேன் கதவைத் தட்டினார். கையில் ஒரு புதுக் கயிறு. மாவு மூட்டை கட்டுகிற தடிமனான வெள்ளைக் கயிறு, ஒரு முனையில் கூடை மாட்ட இரும்புக் கொக்கி.

"மாவுக்கை குடுக்கச் சொன்னாரு. நைலான் வெயில்ல இத்துப்போகுமாம். இது இத்துப்போகாதாம்."

அவர் நம்பிவிட்டார், அக்கா. ஊரெல்லாம் கூடையை மேலே இழுத்துக்கொண்ட பிறகும், எங்கள் கயிறு அறுந்துதான் போயிருக்கும் என்று நம்பியிருக்கிறார். அல்லது நம்பாமல், எங்களுக்குத் திரும்பி வர ஒரு வழி விட்டிருக்கிறார். எது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்க முடியவில்லை.

கயிறு டைனிங் டேபிளில் இருக்கிறது. இவரும் எடுத்து வைக்கவில்லை, நானும் எடுத்து வைக்கவில்லை. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். மூலைக்கடை ரொட்டி.

நீ நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னாய். நான் இப்போது பின்வாசல் வழியாகப் போய்வருகிறேன்.

தங்கை


அக்டோபர் 27

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கடை நன்றாகப் போகிறது என்று எழுதியிருந்தேன். போகவில்லை. உங்கள் ஊர் நோட்டீஸை யாரோ படம் பிடித்து அனுப்பி, ஆகஸ்டு முதல் வாரமே அது இங்கே எல்லார் போனிலும் வந்துவிட்டது. அவர்கள் ஆட்கள் அதிகமாக இருக்கும் இந்த ஊரில் நாம்தான் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்பது எனக்கு இத்தனை வருடம் ஞாபகம் வந்ததே இல்லை. மற்றவர்களுக்கு வந்துவிட்டது. யாரும் கல் எறியவில்லை, பலகையை உடைக்கவில்லை. பலகையில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

படத்தில் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது. உன் அத்தான் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "சகலை கையெழுத்து மாறவே இல்ல, அழகா இருக்கு" என்றார். ஆகையால் யார் கையெழுத்து என்று நான் கேட்டது தெரியாமல் கேட்டதல்ல. நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் ஏன் போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்.

உன் அத்தான் சண்டை போடுகிற மனிதர் இல்லை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு முக்காலியில் உட்காருவார். முழுதாகத் தூக்குவதில்லை. பிறகு சவரம் செய்வதையும் விட்டுவிட்டார். யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்.

வருகிறவள் ஒருத்திதான். பக்கத்துத் தெருவில் தையல் வகுப்பு நடத்துகிறாள், அந்தப் பக்கத்துக்காரி. அதாவது, இந்த ஊர்க்காரி. கண்ணாடியின் காது மடங்கும் இடத்தில் இருக்கும் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று வாரா வாரம் வருவாள். "உங்க கண்ணாடி என் மூக்குல உக்கார மாட்டேங்குதுங்க" என்பாள். அவர் முடுக்கிக்கொடுப்பார். பிறகு துடைக்கத் துணி ஒன்று, கூடு ஒன்று என்று எதையாவது வாங்கிக்கொண்டு போவாள். ஒரே ஸ்க்ரூ எத்தனை தடவை கழலும்? போன சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன். அவள் தெருமுனையில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தால் அந்த ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நகம் உடைந்து விரலைச் சப்பிக்கொண்டாள். பிறகு நேராகக் கடைக்கு வந்து, "பாருங்க, மறுபடியும்" என்றாள்.

அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றும் தோன்றுகிறது. ஸ்க்ரூவை முடுக்கும்போது கடைசிச் சுற்றை விட்டுவிடுகிறார்.

அவளால் கடை பிழைக்காது. அந்தக் கணக்கு இன்னும் சரிதான். சமாதானம் வந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் அவள் வருகிற நாள் எது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் அவர் முகத்தில் சோப்பு இருக்கும், ஷட்டர் முழுதாக மேலே போகும். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்து என்று உனக்கு எழுதியவள் நான். இறக்கு என்று எழுதும் தைரியமும் எனக்கு இல்லை, அங்கே இருப்பது நீ. கயிறு இன்னும் மேஜையில்தான் இருக்கிறதா?

அக்கா


நவம்பர் 15

தங்கைக்கு,

பதில் இல்லை. உங்கள் தெருப்பக்கம் கடைகளுக்குத் தீ வைத்தார்கள், ஊரடங்கு என்று செய்தியில் வந்தது. எந்தக் கடை என்று சொல்லவில்லை. கடைக்கு மேலே வீடுகள் இருந்தனவா என்றும் சொல்லவில்லை. செய்தியில் காட்டிய படத்தில் ஒரு பால்கனி தெரிகிறது. உன்னுடையது மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. உன் அத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார், பெரிதாக்கினால் புள்ளியாகிவிடுகிறது.

போன் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் போன கடிதத்தில் எழுதியதைப் படித்துவிட்டு ஏதாவது செய்துவைத்தாயா? செய்யாதே. அல்லது செய்துவிட்டாய் என்றால் அதையாவது எழுது.

அக்கா


நவம்பர் 22

தங்கையின் கணவருக்கு,

அவள் நலமா? ஒரு சொல் எழுதினால் போதும்.

அண்ணி


டிசம்பர் 5

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதுவதைவிட இது சரியாக இருக்கும்.

ஊரடங்கில் தபாலும் நின்றுபோனது. மூட்டையாகக் கிடந்ததைப் போன வாரம்தான் பிரித்தார்கள். உன் கடிதங்கள் மூன்றும் ஒரே நாளில் வந்தன. இவருக்கு வந்ததை இவர் பிரித்தார், படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எரிந்தது தெருக்கோடியில் மூன்று கடைகள். எங்கள் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொட்டிக்கடை ஷட்டரில் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். மேலே வீடுகள் இருக்கின்றனவே என்று யாரோ தடுத்திருக்கிறார்கள். ரொட்டிக்காக இல்லை, எங்களுக்காக. ஷட்டரின் அடிப்பாகம் மட்டும் கறுத்திருக்கிறது. மாவுக்கை அதற்கு முன்னாலேயே மனைவியைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

உன் பெரிய கடிதத்தை இவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினேன். சகலை கடை என்று வந்ததும் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நகத்தால் ஸ்க்ரூவைத் திருகிய இடம் வந்தபோது, "அந்த இடத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். பிறகு உனக்குக் கடிதம் எழுதியதை ஒப்புக்கொண்டார். கதவில் போட்டிருந்த குறியையும் சொன்னார்.

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"நீங்க துடைக்கிற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன். வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாத்தம். எனக்குச் சளிதான், மூக்கே இல்லைன்னு நினைச்சீங்களா?"

சிரித்தோம். எத்தனையோ நாளுக்கு அப்புறம்.

மறுநாள் காலை மேஜையிலிருந்து கயிறு காணாமல் போயிருந்தது. பால்கனியில் இவர் கம்பியில் அதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போடுகிற முடிச்சு இல்லை, லிஃப்ட்டுக்காரர்கள் போடுகிற முடிச்சு. இரண்டு தடவை தொங்கிப் பார்த்தார். "இது தாங்கும்" என்றார். கூடையை மாட்டி, மூடிக்கிடக்கும் கடைக்கு முன்னால் இறக்கிவிட்டார். காலியான கூடை, கறுத்த ஷட்டர். எல்லா பால்கனியிலும் ஆட்கள். 

"யாரு ரொட்டி போடப்போறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் போடவேண்டாம். அவரு வந்தா தெரியணும் இல்ல, கயிறு இருக்குன்னு."

அன்று சாயங்காலமே சங்கத் தலைவரான பல் டாக்டர் வந்துவிட்டார்.

"என்ன செயலாளர், இது?"

"அறுந்துபோன கயித்தை மாத்தினேன் டாக்டர். டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு டெஸ்ட்?"

"புது கேபிள்னா ஒரு மாசம் பண்ணுவோம். அப்புறம், செயலாளர்னு கூப்பிடாதீங்க. நோட்டீஸ்ல என் பேரை பிளேடு வெச்சு எடுத்துட்டேன். நீங்களே போட்டுக்குங்க."

கதவு சாத்தின பிறகு இவர் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார். 

மறுநாள் கதவில் மறுபடியும் பெருக்கல் குறி. இந்தத் தடவை துடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் கூடை கனத்தது. ஆசையாக இழுத்தேன், உள்ளே ஒரு கருங்கல். இவர் கல்லை எடுத்துச் செடித்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூடையைத் திரும்ப இறக்கினார். அதன் பிறகு காலையில் நான் கயிற்றைத் தொடுவதே இல்லை. கனம் தெரிந்துவிடுமோ என்று பயம். இன்னும் எத்தனை கல் என்று இருக்கிறது. இரண்டாவது மாடி டீச்சர் மட்டும் படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது, யாருக்கும் கேட்காமல், "எங்க வீட்டுக் கயிறும் இத்துப்போச்சு. அந்த மாதிரி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பார்சலும் வரும். உள்ளே இவர் கண்ணாடி. ஸ்க்ரூ கழன்றுவிட்டதாம்.

"இங்க கடையே இல்லையா?" என்று கேட்டேன்.

"சகலை கைப்பட்டாத்தான் சரிவரும்."

நேற்று ராத்திரிவரை அது நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். அத்தான் முடுக்கும்போது கடைசிச் சுற்றை விட்டுவிடச் சொல். அதுவரை பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறார். அதில் நான் இரண்டு பேராகத் தெரிகிறேனாம், ஒருத்தியே போதும் என்கிறார்.

இதை முடித்து உறையில் போடப் போனபோது கீழே ஷட்டர் சத்தம் கேட்டது. எந்தக் கடை என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் ஷட்டர் சத்தம் என்றாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன். யாரும் குரல் கொடுக்கவில்லை. ஆனால் பால்கனிக் கம்பியில் கயிறு லேசாக இழுபட்டது. இவர் போய்ப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருக்கிறார். கனமாக இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"எனக்குத் தெரியலை, நீ வந்து பாரு. கல்லா?" என்கிறார்.

நான் எழுந்து போகவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறேன். கூடை இரண்டாவது மாடியைத் தாண்டியிருக்கும். பார்க்க வேண்டியதில்லை, அக்கா. சளி பிடித்த மூக்குக்கே வாசனை வந்துவிட்டது.

தங்கை